ஆடிட் லாக்குக்குன்னு ஸ்டோரேஜ்ல தனி சிஸ்டம் டிஸ்க்: ஆரம்பத்துல இருந்து முழு செட்டப்

ஆடிட் லாக்குக்கு தனி டிஸ்க் ஒதுக்கணும்னு ஆடிட்டர் ரிப்போர்ட்ல எழுதிட்டா, டீம்ல முதல்ல வர்ற கேள்வி "எத்தனை டெராபைட் போடலாம்?"ங்கறதுதான். அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. முதல்ல கேக்க வேண்டியது வேற: லாக் வெளிய போற வழி அடைச்சுக்கிட்டா இந்த டிஸ்க் எவ்வளவு நேரம் தாங்கணும், தாங்க முடியாம நிரம்பிட்டா சிஸ்டம் என்ன பண்ணணும்? பழசை அழிச்சுட்டு புதுசை எழுதணுமா, இல்ல வேலையையே நிறுத்தணுமா? இந்த ரெண்டுக்கும் பதில் கையில இருந்தா டிஸ்க் உருவாக்கறது சின்ன வேலை. பதில் இல்லாம எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும், ஒரு நாள் வேணுங்கற நேரத்துல வேணுங்கற வரி மட்டும் இருக்காது.

முதல்ல, எந்த ஆடிட் லாக்கைப் பத்தி பேசறோம்?

ஆடிட் லாக்னு ஒரே பேர்ல மூணு வேற வேற சமாச்சாரம் ஓடுது, மீட்டிங்ல ஒருத்தர் ஒண்ணை நினைச்சு பேச இன்னொருத்தர் இன்னொண்ணை நினைச்சு தலையாட்டிட்டு போயிடுவாங்க.

ஒண்ணு, ஸ்டோரேஜ் பாக்ஸோட சொந்த ஆடிட் லாக். யார் லாகின் பண்ணாங்க, எந்த ஐபில இருந்து, எந்த வால்யூமை உருவாக்கினாங்க, எந்த லன்னோட (சர்வருக்கு, அதாவது ஹோஸ்ட்டுக்கு, டிஸ்க்கா காட்டற இடம்) பாத்தை நீக்கினாங்க, அது வெற்றியா தோல்வியா, இதெல்லாம் பதிவாகும். ஹோஸ்ட் எழுதற டேட்டா இதுல வராது. ரெண்டாவது, நாஸ்ல (நெட்வொர்க் வழியா ஃபைல் பகிர்ற ஸ்டோரேஜ்) ஃபைல் ஆக்சஸ் ஆடிட், அதாவது யார் எந்த ஃபைலைத் திறந்தாங்க, அழிச்சாங்கன்னு. மூணாவது, சர்வர்ல ஓடற ஓஎஸ்ஸோட ஆடிட் லாக், அதுக்கு ஸ்டோரேஜ்ல இருந்து ஒரு லன் மட்டும் குடுக்கறோம்.

சிஸ்டம் டிஸ்க்ங்கற பேரு முதல் வகைக்கு சொந்தம். ஹிட்டாச்சி விஎஸ்பி ஸ்டோரேஜ் குடும்பத்துல வேலை பாத்தவங்களுக்கு இது பழக்கமான பேரு: பாக்ஸுக்குள்ளயே ஒரு எல்டெவ்வை (பாக்ஸோட டிரைவ்ல இருந்து பிரிச்சு எடுக்கற லாஜிக்கல் வால்யூம்) எடுத்து "இது ஹோஸ்ட்டுக்கு இல்ல, உன் சொந்த உபயோகத்துக்கு"ன்னு குடுத்துடறோம், பாக்ஸ் அதை ஆடிட் லாக்கோட பஃபரா வச்சுக்கும். கமாண்ட் டிவைஸோட இதை குழப்பிக்காதீங்க. அது சிசிஐங்கற கமாண்ட் லைன் டூல் வழியா பாக்ஸுக்கு கட்டளை அனுப்பற வால்யூம், அதை ஹோஸ்ட்டுக்கு மேப் பண்ணியே ஆகணும். சிஸ்டம் டிஸ்க்கை எந்த ஹோஸ்ட்டுக்கும் மேப் பண்ணவே கூடாது. ரெண்டுக்கும் வேலை நேர் எதிர்.

இந்த வழிகாட்டில பெரும்பகுதி முதல் வகைக்குத்தான். மத்த ரெண்டும் பின்னாடி வருது, ஏன்னா ஆடிட்டர் கேக்கறது பெரும்பாலும் மூணையும் சேர்த்துத்தான்.

இந்த டிஸ்க் என்ன பண்ணும், என்ன பண்ணாது

பாக்ஸ் தன் ஆடிட் வரிகளை உள்ள கொஞ்ச இடத்துல வச்சிருக்கும், அந்த இடத்துக்கு ஒரு அளவு இருக்கு, நிரம்பினா வட்டம் சுத்தி வந்து பழைய வரி மேலயே எழுதிடும். சிஸ்டம் டிஸ்க் குடுத்தா வரிகள் தங்கறதுக்கு டிரைவ் மேல ஒரு இடம் கிடைக்குது. அவ்வளவுதான். இது வெயிட்டிங் ரூம், ரெக்கார்ட் ரூம் இல்ல. சட்டப்படி, ஸ்டாண்டர்டுபடி வச்சிருக்க வேண்டிய காலம் முழுக்க லாக் இங்கயே கிடக்கும்னு நினைச்சீங்கன்னா தப்பு. உதாரணமா பிசிஐ டிஎஸ்எஸ் (கார்டு பேமென்ட் பாதுகாப்பு ஸ்டாண்டர்டு) குறைஞ்சது 12 மாசம் ஆடிட் லாக் வச்சிருக்கணும், அதுல கடைசி 3 மாசம் உடனே எடுத்துப் பாக்கற நிலையில இருக்கணும்னு சொல்லுது. அந்த 12 மாசக் கணக்கை சிஸ்லாக் சர்வர்லயோ (லாக் வரிகளை நெட்வொர்க் வழியா வாங்கி சேர்க்கற சர்வர்) லாக் ஆர்க்கைவ்லயோதான் தீர்க்கணும்.

இன்னொரு காரணமும் இருக்கு. பாக்ஸுக்குள்ள இருக்கற லாக், அதே பாக்ஸோட அட்மின் கையில இருக்கற லாக். யாரைக் கண்காணிக்கறோமோ அவங்க வீட்டுலயே சாட்சியை வச்சிருக்கற மாதிரி. வெளிய ஒரு காப்பி போயிட்டே இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு.

படி 1: சைஸ் கணக்கு

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாத்துடலாம். ஒரு மானிட்டரிங் டூல் நிமிஷத்துக்கு ஒரு தடவை லாகின் பண்ணி லாகவுட் பண்ணுதுன்னு வைங்க. தடவைக்கு 2 வரி, நாளைக்கு 1,440 நிமிஷம், ஆக 2,880 வரி. ஒரு வரி 400 பைட்னு வச்சா 1.15 எம்பி. இந்த மாதிரி 5 டூல் ஓடினாக்கூட நாளைக்கு 14,400 வரி, 5.8 எம்பி, ஒரு வருஷத்துக்கே 2.1 ஜிபிதான். அதனால பாக்ஸோட சொந்த ஆடிட் லாக்குக்கு 500 ஜிபி எல்டெவ் ஒதுக்கறது வெறும் வேஸ்ட். உங்க மாடலோட ஆடிட் லாக் கைடுல குறைந்தபட்ச சைஸ்னு ஒண்ணு குடுத்திருப்பாங்க, அந்த சைஸ்ல இருந்து ஒரு துளி மேல வச்சு உருவாக்குங்க, போதும். அந்த மினிமத்துக்கு கீழ போனாத்தான் பிரச்னை, டிஸ்க்கை அசைன் பண்ணும்போது எரர் அடிக்கும்.

இந்த கணக்குல கவனிக்க வேண்டியது பைட் இல்ல, வரி. 14,400 வரியும் மெஷினோட லாகின், லாகவுட். மனுஷங்க பண்ற வேலை ஒரு நாளைக்கு ஐம்பது வரி வந்தாலே பெரிசு. வட்டம் சுத்தற பஃபர்ல அந்த ஐம்பது வரியைத் தள்ளி விடறது இந்த பதினாலாயிரம்தான். அதனால டிஸ்க் பெரிசு பண்றதுக்கு முன்னாடி டூலைப் பாருங்க: ஒவ்வொரு தடவையும் புதுசா லாகின் பண்ணாம ஒரே செஷனை வச்சுக்கிட்டு ஓடற ஆப்ஷன் இருக்கான்னு பாத்து அதை ஆன் பண்ணுங்க, போலிங் இடைவெளியை நிமிஷத்துல இருந்து 5 நிமிஷமா மாத்தினா வரி ஐந்துல ஒரு பங்காயிடும். லாகின் வரிகளையே ஆடிட்ல இருந்து ஃபில்டர் பண்ணிடலாமேன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பார். கூடாது. சர்வீஸ் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் வெளிய போனா முதல்ல தெரியறது அந்த வரிலதான்.

படி 2: யார் கைல எந்த ரோல்

எல்டெவ் உருவாக்கறதுக்கு ப்ரொவிஷனிங் ரோல் இருக்கற ஸ்டோரேஜ் அட்மின் வேணும். ஆடிட் லாக் செட்டிங்கைத் தொடறதுக்கு ஆடிட் லாக் அட்மினிஸ்ட்ரேட்டர் ரோல் வேணும். விஎஸ்பில இந்த ரோலே ரெண்டா இருக்கு, பாக்க மட்டும் ஒண்ணு, பாத்து மாத்தறதுக்கு ஒண்ணு. ஒரே ஆளுக்கு எல்லா ரோலையும் குடுத்துட்டா வேலை சுலபமா முடியும்ங்கறது உண்மைதான், ஆனா வால்யூமை அழிக்கறவரும் அழிச்ச தடயத்தை நிறுத்தறவரும் ஒருத்தரா ஆயிடுவாங்க. டீம் சின்னதா இருந்து ஆள் இல்லைன்னா, குறைஞ்சது ரெண்டு தனி யூசர் ஐடியாவது வைங்க, ஆடிட் ரோல் ஐடியோட பாஸ்வேர்ட் செக்யூரிட்டி டீம்கிட்ட இருக்கட்டும்.

பொது அக்கவுண்ட் இருந்தா இப்பவே மூடுங்க. நாலு பேர் ஒரே ஐடில லாகின் பண்ற இடத்துல லாக் எவ்வளவு பத்திரமா இருந்தாலும் அது யாரையும் காட்டாது. வெண்டார் மெயின்டனன்ஸ் ஆளுங்க வர்ற ஐடியும் இதுல சேர்த்தி.

படி 3: நேரம்

என்டிபி (நெட்வொர்க் வழியா கிளாக்கை சரியா வைக்கறது) ஓடுதா, டைம்ஜோன் சரியான்னு பாருங்க. ரெண்டு நிமிஷம் தள்ளி ஓடற கிளாக்கோட லாக்கை ஃபயர்வால் லாக்கோட பொருத்திப் பாக்கறது நரக வேலை. டிஸ்க் போட்டதுக்கு அப்புறம் நேரத்தைத் திருத்தினா லாக்ல நேரம் பின்னாடி குதிச்ச மாதிரி தெரியும், அதுக்கு ஆடிட்டர்கிட்ட தனியா விளக்கம் குடுத்துட்டு இருக்கணும். அதனால முதல்லயே.

படி 4: டிஸ்க்கை எங்க வைக்கறது

தின் பூல்ல (எழுத எழுத இடம் ஒதுக்கற பொது பூல்) இருந்து எடுக்காதீங்க, சாதாரண பாரிட்டி குரூப்ல (ரெய்டா சேர்த்து வச்ச டிரைவ் கூட்டம்) பேசிக் எல்டெவ்வா உருவாக்குங்க. காரணம் இது: ஒரு பூல் நிரம்பி வால்யூம்ஸ் எல்லாம் தடுமாறுற நேரத்துலதான் அட்மின் பதட்டத்துல பத்து வேலை பண்ணுவார், எதையோ அழிப்பார், எதையோ நகர்த்துவார், அந்த நேரத்து ஆடிட் வரிகள்தான் அப்புறம் எல்லாருக்கும் வேணும். லாக் பஃபரும் அதே பூல்ல உக்காந்திருந்தா அதுவும் கூடவே தடுமாறும். பூல் மட்டுமே இருக்கற பாக்ஸா இருந்து, மாடலும் அதை அனுமதிச்சா, முழு கொள்ளளவையும் முன்கூட்டியே ரிசர்வ் பண்ற ஆப்ஷனோட எடுங்க.

ரெய்டு லெவல் ரெய்டு 1 ஆனாலும் சரி ரெய்டு 6 ஆனாலும் சரி, இந்த லோடுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்ல, ஃபிளாஷ் டிரைவைக் கேக்காதீங்க. வெளி ஸ்டோரேஜ்ல இருந்து வர்ச்சுவலைஸ் பண்ணி எடுத்த வால்யூம்ல வைக்காதீங்க, அந்த வெளி பாக்ஸோட கேபிள் போனா லாக்கும் போச்சு. ரெப்ளிகேஷன் ஜோடில, ஸ்னாப்ஷாட்ல சேர்க்காதீங்க. டியரிங்ல வேண்டாம்.

எல்டெவ் நம்பர் எடுக்கும்போது ஹோஸ்ட் வால்யூம் வரிசைக்கு நடுவுல எடுக்காம சியு (எல்டெவ் நம்பர்களோட ஒரு தொகுதி) கடைசில ஒரு நம்பரா எடுங்க, 00:00:எஃப்ஈ மாதிரி. ரேஞ்சா செலெக்ட் பண்ணி ஆபரேஷன் பண்றவங்க கைக்கு சிக்காது.

படி 5: எல்டெவ் உருவாக்கி ஃபார்மட் பண்றது

ஸ்டோரேஜ் நேவிகேட்டர்ல (விஎஸ்பியோட மேனேஜ்மென்ட் ஸ்கிரீன்) பாரிட்டி குரூப்ஸ் போய், எடுத்து வச்ச குரூப்பை செலெக்ட் பண்ணி, கிரியேட் எல்டெவ்ஸ். ப்ரொவிஷனிங் டைப் பேசிக், கணக்கு போட்ட சைஸ், எண்ணிக்கை 1. பேரு போடற கட்டம் காலியா விட்டாலும் ஏத்துக்கும், ஆனா காலியா விடாதீங்க. பாத் இல்லாத, பேரில்லாத, சின்ன சைஸ் எல்டெவ்வைப் பாத்தா அடுத்த க்ளீனப் பண்ண வர்றவருக்கு அது அனாதை வால்யூமாத்தான் தெரியும். "சிஸ்டிஸ்க் ஆடிட் தொடாதே"ன்னு பச்சையா பேர் வைங்க, கேலி பண்ணினா பண்ணட்டும்.

ஃபார்மட் டைப்ல நார்மல் எடுங்க. க்விக் ஃபார்மட் பேக்கிரவுண்ட்ல ஓடிட்டு இருக்கும்போதே வால்யூமை உபயோகிக்க விடும்ங்கறது பெரிய வால்யூமுக்கு லாபம். ரெண்டு மூணு ஜிபி வால்யூமுக்கு நார்மலே சீக்கிரம் முடிஞ்சுடும், பாதில நிக்குதோன்ற சந்தேகமே வராது. நோ ஃபார்மட்னு விட்டா எல்டெவ் ப்ளாக்டு நிலையிலயே கிடக்கும், அசைன் ஆகாது.

ஃபினிஷ் அடிச்சு, கன்ஃபர்ம் விண்டோல டாஸ்க்குக்கு ஒரு பேர் வச்சு அப்ளை. இங்க பல பேர் விண்டோவை மூடிட்டு முடிஞ்சதுன்னு போயிடறாங்க. அப்ளைன்னா டாஸ்க் க்யூல சேர்ந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். டாஸ்க்ஸ் லிஸ்ட்ல கம்ப்ளீட்டட் வந்ததுக்கப்புறம் எல்டெவ் ஸ்டேட்டஸ் நார்மலான்னு பாருங்க, பாத் எண்ணிக்கை 0 தானான்னு பாருங்க. பழக்க தோஷத்துல யாராவது லன் மேப் பண்ணியிருந்தா அதை எடுத்துட்டுத்தான் மேல போகணும்.

படி 6: சிஸ்டம் டிஸ்க்கா குறிக்கறது

இந்த மெனு எங்க இருக்குங்கறது தலைமுறைக்கு தலைமுறை இடம் மாறுது, பேரும் கொஞ்சம் மாறும். சில மாடல்ல சிஸ்டம் செட்டிங்ஸ் பக்கம், சிலதுல மெயின்டனன்ஸ் பக்கம், அங்க வெண்டார் எஞ்சினியர் லாகின் இருந்தாத்தான் கதவே திறக்கும். அந்த மாதிரி மாடலா இருந்தா சேஞ்ச் டிக்கெட் போடும்போதே வெண்டார் சப்போர்ட்டை உள்ள இழுத்து வச்சுடுங்க, ராத்திரி விண்டோல உக்காந்து பெர்மிஷனுக்கு போன் போடற நிலைமை வேண்டாம்.

எந்த மெனுவா இருந்தாலும் கேக்கறது ஒரே விஷயம்: எந்த எல்டெவ் நம்பர். லிஸ்ட்ல உங்க எல்டெவ் வரலைன்னா காரணம் பெரும்பாலும் இதுல ஒண்ணு: ஃபார்மட் முடியல, பாத் ஒட்டிட்டு இருக்கு, சைஸ் மினிமத்துக்கு கீழ, எமுலேஷன் டைப் ஒத்துவரல, இல்ல ஏற்கனவே வேற அட்ரிபியூட் இருக்கு. முன்னாடி யாரோ கமாண்ட் டிவைஸா குறிச்சு வச்ச எல்டெவ்வை மறந்துபோய் இதுக்கு எடுக்கறது சகஜமா நடக்கறதுதான்.

அசைன் ஆனதும் லாஜிக்கல் டிவைசஸ் லிஸ்ட்ல அந்த எல்டெவ்வோட அட்ரிபியூட் காலம்ல சிஸ்டம் டிஸ்க்னு வரணும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிக்கெட்ல போட்டுடுங்க.

படி 7: வெளிய அனுப்பற வழி

உண்மையான வேலை இங்கதான் ஆரம்பிக்குது.

சிஸ்லாக் செட்டிங்ல பொதுவா ரெண்டு வழி குடுப்பாங்க. ஆர்எஃப்சி 3164 ஸ்டைல்ல யுடிபி, போர்ட் 514. இன்னொண்ணு ஆர்எஃப்சி 5424 ஸ்டைல்ல டிஎல்எஸ் (என்க்ரிப்ட் பண்ணி அனுப்பற வழி) மேல, போர்ட் 6514. முதலாவது 2001ல எழுதினது, அதோட டைம்ஸ்டாம்ப்ல மாசம், தேதி, மணி இருக்கும், வருஷமும் கிடையாது டைம்ஜோனும் கிடையாது. 12 மாசம் வச்சிருக்க வேண்டிய லாக்ல வருஷம் இல்லைன்னா என்ன லட்சணம்னு நீங்களே பாத்துக்கோங்க. மேல யுடிபி வேற, பாக்கெட் போச்சா வந்துச்சான்னு அனுப்பினவருக்கே தெரியாது, நடுவுல படிக்கறவன் படிக்கலாம். 2009ல வந்த 5424ல வருஷம், டைம்ஜோன் ரெண்டும் உண்டு. வாய்ப்பு இருந்தா டிஎல்எஸ்தான், வேற பேச்சே இல்ல.

டிஎல்எஸ் போட்டா சர்ட்டிஃபிகேட் வேலை கூட வரும். சிஸ்லாக் சர்வரோட ரூட் சர்ட்டை பாக்ஸ்ல ஏத்தணும், க்ளையன்ட் சர்ட் கேக்கற செட்டப்னா பாக்ஸுக்கும் ஒண்ணு சைன் பண்ணி வாங்கணும், சர்வர் அட்ரஸை ஐபியா குடுத்தா சர்ட்லயும் ஐபி இருக்கணும், பேரா குடுத்தா பேரு. சர்ட் எக்ஸ்பயரி தேதியை அன்னிக்கே காலண்டர்ல போடுங்க. எக்ஸ்பயர் ஆன ராத்திரில இருந்து லாக் சத்தமில்லாம நின்னுடும், வெயிட்டிங் ரூம் நிரம்ப ஆரம்பிக்கும்.

டிஎல்எஸ் இருந்தா ஒரு வரி கூட தொலையாதுன்னும் நம்பிடாதீங்க. சிஸ்லாக்ல "உன் வரி வந்துடுச்சு"ன்னு ரிசீவர் திருப்பி சொல்ற ஏற்பாடே கிடையாது. கனெக்‌ஷன் அறுந்த அந்த நொடில அனுப்பற பக்கத்து சாக்கெட் பஃபர்ல இருந்த சில வரிகள் போயிடலாம், பாக்ஸ் அனுப்பியாச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கும். அதனாலதான் ப்ரைமரி, செகண்டரின்னு ரெண்டு சர்வர் குடுக்கற கட்டத்தைக் காலியா விடக்கூடாது, சிஸ்டம் டிஸ்க்கும் வேணும்.

லொக்கேஷன் ஐடென்டிஃபிகேஷன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல பாக்ஸோட பேரை எழுதுங்க. நாலு பாக்ஸ் ஒரே சர்வருக்கு அனுப்பும்போது பிரிச்சுப் பாக்க இதுதான் உதவும். டீடெய்ல் இன்ஃபர்மேஷனை அனுப்பவான்னு கேட்டா ஆமான்னு சொல்லுங்க. அது இல்லாம "எல்டெவ் அழிக்கப்பட்டது"ன்னு மட்டும் வரும், எந்த எல்டெவ்வுன்னு வராது.

படி 8: டெஸ்ட்

டெஸ்ட் மெசேஜ் பட்டனை அழுத்தி சர்வர்ல வரி வந்ததும் எல்லாரும் கை குலுக்கிட்டு கிளம்பிடறாங்க. அது வழி திறந்திருக்குன்னு மட்டும் சொல்லும். நிஜமான டெஸ்ட் இப்படி.

வேணும்னே தப்பு பாஸ்வேர்ட் போட்டு ஒரு லாகின். அப்புறம் சரியா லாகின் பண்ணி, எந்த போர்ட்லயும் டிராஃபிக்கை தொடாத ஒரு டம்மி ஹோஸ்ட் குரூப்பை உருவாக்கி உடனே அழிங்க. இப்ப பாக்ஸுக்குள்ள ஆடிட் லாக்கை எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க, சிஸ்லாக் சர்வர்லயும் பாருங்க: தோத்த லாகின், ஜெயிச்ச லாகின், உருவாக்கம், அழிப்பு, நாலும் ரெண்டு பக்கமும் இருக்கா? யூசர் ஐடி, ஐபி, நேரம் ஒத்துப்போகுதா? தோத்த லாகின் மட்டும் வராத செட்டப் நிறைய உண்டு, அது தனி கேட்டகிரியா ஆஃப் ஆகிக் கிடக்கும்.

அடுத்து, நெட்வொர்க் டீமோட பேசி வச்சுக்கிட்டு பாக்ஸுக்கும் சிஸ்லாக் சர்வருக்கும் நடுவுல ஃபயர்வால்ல 15 நிமிஷம் அடைச்சுடுங்க. அந்த நேரத்துல இதே டம்மி வேலையை மறுபடி பண்ணுங்க. திறந்து விட்டதும் விட்டுப்போன வரிகள் தானா வந்து சேருதா, இல்ல அந்த இடைவெளி அப்படியே ஓட்டையா நிக்குதா? யுடிபின்னா ஓட்டைதான். டிஎல்எஸ்லயும் ரீட்ரை எண்ணிக்கை தீர்ந்துட்டா ஓட்டை வரலாம். ஓட்டை விழுந்தா அந்த வரிகள் சிஸ்டம் டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு, அதை கையால எக்ஸ்போர்ட் பண்ணி ஆர்க்கைவ்ல சேர்க்கணும். யார், எப்போன்னு இப்பவே எழுதி வைங்க. வரிசை எண் போடற மாடல்னா சர்வர் பக்கம் எண் தாவினா அலர்ட் அடிக்கற மாதிரி ஒரு ரூல் போட்டுடலாம், ஓட்டையை மனுஷன் தேட வேண்டியதில்ல.

படி 9: நிரம்பும்போது

பாக்ஸோட சொந்த லாக் வட்டம் சுத்தற வகை, நிறுத்தற வகை இல்ல. அதனால சத்தம் போடாது. பஃபர் ஒரு அளவைத் தாண்டினா எச்சரிக்கை காட்டற வசதி இருக்கும், ஆனா அது பெரும்பாலும் ஜியுஐல ஒரு ஐகானா மூலைல மின்னிக்கிட்டு இருக்கும், லாகின் பண்ணி பாக்கறவங்களுக்குத்தான் தெரியும். அதை நம்பாம வாரத்துக்கு ஒரு எக்ஸ்போர்ட்னு வழக்கம் வைங்க. எக்ஸ்போர்ட் ஆன ஃபைலுக்கு எஸ்ஹெச்ஏ 256 ஹேஷ் (ஃபைல் மாறினா தானும் மாறிடற கைரேகை மாதிரி) எடுத்து, ஃபைலை ஒரு இடத்துலயும் ஹேஷை வேற ஆள் கைலயும் வைங்க. ரெண்டும் ஒரே ஃபோல்டர்ல இருந்தா மாத்தறவன் ரெண்டையும் சேர்த்து மாத்திட்டுப் போவான்.

நாஸ்ல ஃபைல் ஆடிட்னா கணக்கே வேற

மேல சொன்ன 2.1 ஜிபியை மறந்துடுங்க. நொடிக்கு 2,000 ஃபைல் ஆபரேஷன், ஒரு வரி 500 பைட்னா நொடிக்கு 1 எம்பி, நாளைக்கு 86.4 ஜிபி. இங்க டெராபைட் கேள்வி நியாயமான கேள்விதான்.

நெட்ஆப் ஸ்டோரேஜோட ஆன்டேப் ஓஎஸ்ல இதுக்கான ரிசர்வ் இடத்தை சிஸ்டமே உருவாக்கிக்கும். எஸ்விஎம்ல (அதுக்குள்ள ஓடற வர்ச்சுவல் ஸ்டோரேஜ் சர்வர்) ஆடிட்டிங்கை ஆன் பண்ணினா டேட்டா இருக்கற ஒவ்வொரு அக்ரிகேட்லயும் (டிரைவ் தொகுப்பு) எம்டிவி ஆட்-னு ஆரம்பிக்கற பேர்ல 2 ஜிபி ஸ்டேஜிங் வால்யூம் வரும். அந்த 2 ஜிபி காலி இல்லாத அக்ரிகேட் இருந்தா ஆன் பண்றதே தோத்துடும், அதனால முதல்ல அதைப் பாருங்க. அந்த வால்யூமை நீங்க தொடக்கூடாது. அங்க சேர்ற வரிகளைத் தொகுத்து நீங்க குடுக்கற டெஸ்டினேஷன் பாத்ல ஃபைலா எழுதும்.

இங்க ரெண்டு இடத்துல கவனம். ரொடேட் லிமிட்டோட டிஃபால்ட் 0, அதாவது ஒரு ஃபைலையும் அழிக்காது. டெஸ்டினேஷனை டேட்டா வால்யூம்லயே வச்சிருந்தா ஒரு நாள் லாக்கே வால்யூமைத் தின்னுடும். அதனால டெஸ்டினேஷனுக்கு தனி வால்யூம், அதுக்கு தனி அலர்ட். ரெண்டாவது, ஆடிட் கேரன்டின்னு ஒரு செட்டிங், டிஃபால்டா ஆன்ல இருக்கும். ஆடிட் வரியை ஸ்டேஜிங்ல எழுத முடியலைன்னா யூசரோட ஃபைல் ஆபரேஷனையே மறுத்துடும். இது பக் இல்ல, கேட்டு வாங்கின நடத்தை. ஆனா ஹெல்ப்டெஸ்க்ல "ஷேர் திறக்கல"ன்னுதான் கால் வரும், ஆடிட் இடம் நிரம்பினதாலன்னு யாருக்கும் தோணாது. ரன்புக்ல முதல் பக்கத்துலயே எழுதிடுங்க. ஸ்னாப்லாக் (எழுதினதை குறிச்ச காலம் வரை அழிக்க விடாத வசதி) உபயோகிக்கறவங்களுக்கு இன்னொரு ரிசர்வ் வால்யூம் உண்டு, ஸ்னாப்லாக் ஆடிட் லாக் வால்யூம், ப்ரிவிலேஜ்டு டிலீட் பண்றதுக்கு முன்னாடி அது இருந்தே ஆகணும், அதுல எழுதின லாக்கை குறைஞ்சது 6 மாசம் யாராலயும் அழிக்க முடியாது.

லினக்ஸ் சர்வருக்கு லன் குடுக்கற கேஸ்

சர்வரோட ஆடிட் லாக் டைரக்டரி, அதாவது வார், லாக், ஆடிட்னு போற பாத், அதை தனி லன்ல மவுண்ட் பண்ணணும். வேற எந்த அப்ளிகேஷன் லாக்கும் இதுல எட்டிப் பாக்கக் கூடாது. மல்டிபாத்ல (ஒரே டிஸ்க்குக்கு பல பாத் வச்சு ஓட்டறது) டிஸ்க்குக்கு டபிள்யுடபிள்யுஐடி (டிஸ்க்கோட தனி அடையாள எண்) வச்சு ஒரு நிரந்தரப் பேர் குடுத்து, எக்ஸ்எஃப்எஸ் போட்டு, எஃப்எஸ்டேப்ல யுயுஐடி வச்சு எழுதுங்க, நோடெவ், நோசூயிட், நோஎக்ஸெக் மூணும் சேர்த்து. ஐஎஸ்சிஎஸ்ஐன்னா நெட்வொர்க் வந்தப்புறம் மவுண்ட் ஆகச் சொல்ற ஆப்ஷனும் வேணும். பழைய ஃபைல்களை காப்பி பண்ணி மவுண்ட் பண்ணினதும் டைரக்டரி பெர்மிஷன் 0700, செலினக்ஸ் லேபிளை ரெஸ்டோர்கான் ஓட்டி சரி பண்ணுங்க, இதை விட்டா ஆடிட்டி (auditd, லினக்ஸ்ல ஆடிட் லாக் எழுதற சர்வீஸ்) ஸ்டார்ட்டே ஆகாம முறைக்கும். சிஸ்டம்சிடிஎல் வச்சு ஆடிட்டியை நிறுத்தப் பாத்தா பல டிஸ்ட்ரோல மறுத்துடும், பழைய சர்வீஸ் கமாண்ட்ல நிறுத்துங்க.

இப்ப காமெடி. 50 ஜிபி லன் போட்டு மவுண்ட் எல்லாம் பக்காவா பண்ணிட்டு, ஆடிட்டியோட கான்ஃபிக் ஃபைலைத் திறக்கவே மாட்டாங்க. அதுல மேக்ஸ் லாக் ஃபைல் 8 எம்பி, நம் லாக்ஸ் 5, ரொடேட்னு டிஃபால்ட் இருக்கும். 8ஐ 5ஆல பெருக்கினா 40 எம்பி. அம்பது ஜிபி டிஸ்க்ல 40 எம்பிக்கு மேல ஒரு நாளும் லாக் தங்காது. ஃபைல் சைஸை 200 எம்பி, எண்ணிக்கையை 150ன்னு வச்சா 30 ஜிபி ஆகும், மிச்சம் மூச்சு விட இடம். ஸ்பேஸ் லெஃப்ட்ங்கற அளவு அட்மின் ஸ்பேஸ் லெஃப்டை விட பெரிசா இருக்கணும், காலி இடம் முதலாவதுக்கு கீழ போனா ஈமெயில், ரெண்டாவதுக்கு கீழ போனா என்ன பண்ணணும்ங்கறது உங்க முடிவு: சஸ்பெண்ட்னா சர்வர் ஓடும், லாக் நிக்கும்; ஹால்ட்னா லாக் இல்லாம சர்வர் ஓடாது, அணைஞ்சுடும். எது வேணும்னு பிசினஸ்கிட்ட எழுத்துல வாங்குங்க, ஸ்டோரேஜ் டீம் முடிவு பண்ற விஷயம் இல்ல இது.

கடைசியா மல்டிபாத்ல ஒரு கண்ணி. க்யூ இஃப் நோ பாத் ஆன்ல இருந்தா, எல்லா பாத்தும் போனாலும் டிஸ்க் எரர் குடுக்காது, எழுதறதை பிடிச்சு வச்சுக்கிட்டு காத்துக்கிட்டே இருக்கும். எரரே வராததால டிஸ்க் எரர் ஆக்‌ஷன்னு நீங்க கவனமா எழுதி வச்சது ஓடவே ஓடாது, ஆடிட்டி தொங்கும், கெர்னல் பக்கம் பேக்லாக் ஏறும், அது முட்டினதும் ஆடிட் வரி உருவாக்கற ப்ராசஸ்கள் எல்லாம் ஒண்ணொண்ணா மெதுவாகி கடைசில லாகின் கூட ஆக முடியாத சர்வரா நிக்கும். இந்த லன்னுக்கு மட்டும் நோ பாத் ரீட்ரைக்கு ஒரு எண் குடுங்க: போலிங் இடைவெளி 5 நொடி, ரீட்ரை 12னா சுமார் ஒரு நிமிஷத்துல எரர் திரும்பி வரும், ஆக்‌ஷன் வேலை செய்யும். ஸ்டோரேஜ் பக்கம் கன்ட்ரோலர் ஃபெயிலோவருக்கு ஆகற நேரத்தை விட இது கொஞ்சம் கூடுதலா இருக்கணும், இல்லைன்னா ஒவ்வொரு ஃபர்ம்வேர் அப்கிரேடுக்கும் சர்வர் அணையும்.

டிஸ்க்கை எடுக்கணும், மாத்தணும்னா

பாரிட்டி குரூப்பையே காலி பண்ணணும், இல்ல பாக்ஸை ரிட்டயர் பண்ணணும்னு வரும்போது வரிசை முக்கியம். முதல்ல ஆடிட் லாக்கை முழுசா எக்ஸ்போர்ட் பண்ணி, ஹேஷ் எடுத்து, சிஸ்லாக் சர்வர்ல கடைசி வரி வந்துடுச்சான்னு நேரம் வச்சு சரி பாருங்க. அப்புறம் புது எல்டெவ்வைத் தயார் பண்ணி வச்சுட்டு, பழசுல இருந்து சிஸ்டம் டிஸ்க் அட்ரிபியூட்டை எடுத்து, புதுசுக்குக் குடுங்க. நடுவுல இருக்கற அந்த சில நிமிஷத்துக்கு வேற யாரும் பாக்ஸ்ல கை வைக்க வேண்டாம்னு சொல்லி வைங்க. அட்ரிபியூட் எடுத்த வரி, குடுத்த வரி, ரெண்டும் சிஸ்லாக் சர்வர்ல வந்து உக்காந்திருக்கான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் பழைய எல்டெவ்வை ஃபார்மட் பண்ணி அழிக்கணும். பழைய லாக்ல யூசர் ஐடி, ஐபி எல்லாம் கிடக்கும், அப்படியே பூலுக்குத் திருப்பி விட்டுடாதீங்க. சேஞ்ச் டிக்கெட் நம்பரை எக்ஸ்போர்ட் ஃபைல் பேர்லயே சேர்த்துடுங்க, அடுத்த ஆடிட்ல "இந்த தேதில ஆடிட் டிஸ்க் ஏன் மாறுச்சு?"ன்னு கேட்டா ஃபைலைக் காட்டினாலே போதும்.